இரண்டு வெள்ளியும் ஓர் உயரமும்

பதக்கங்களை எண்ணுவதுதான் வரலாறு என்றால், ஒலிம்பிக்கில் இலங்கையின் வரலாற்றை நான்கு வரியில் எழுதி முடித்துவிடலாம். 1948இல் லண்டனில் ஒரு வெள்ளி. 2000இல் சிட்னியில் இன்னொன்று. நடுவே 52 ஆண்டுகள். 2024 பாரிஸ் விழா வரை மூன்றாவது பதக்கம் வரவில்லை.

பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளின் பரிசளிப்பில் பிரதம விருந்தினர் பேசும்போது டங்கன் வைட், சுசந்திகா ஜயசிங்க ஆகிய இருவரின் பெயரும் தவறாமல் வரும். அந்தப் புகழுக்கு இருவரும் முழு உரித்துடையவர்கள். ஆனால் அவர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், 1958இல், ஆசிய விளையாட்டு விழாவில் இந்நாட்டுக்கு முதல் தங்கத்தை வென்று கொடுத்த யாழ்ப்பாணத்து இளைஞரின் பெயர் பல மேடைகளில் விடுபட்டுப் போகிறது. அவரைச் சேர்க்காமல் எழுதினால் அது குறைவரலாறு. ஒவ்வொருவரையும் ஊர், பாடசாலை, ஓடிய நேரம், பாய்ந்த உயரம் ஆகிய விபரங்களோடு எழுதிவைக்க ஒரு விழா மலரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அந்த எண்ணத்துடனேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இலங்கையின் ஒலிம்பிக் குழு 1937இல் அங்கீகாரம் பெற்றது. மறு ஆண்டே, 1938இல், சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்ரிகஸ் என்ற குத்துச்சண்டை வீரர் தங்கம் வென்றார். நாடு அப்போது பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தது. அடுத்த ஒலிம்பிக்குக்குப் போவதற்குள் உலகப்போர் மூண்டது. 1940, 1944 ஆகிய இரண்டு விழாக்களும் நடைபெறவில்லை. எனவே, இலங்கை முதன்முறையாக ஒலிம்பிக் மைதானத்தில் அணிவகுத்தபோது அது சுதந்திர நாடாகிவிட்டிருந்தது.

1948 பெப்ரவரி 4 சுதந்திரம். ஜூலை 29 லண்டன் ஒலிம்பிக் தொடக்கம். அணியில் போட்டியிட்டவர்கள் ஏழே பேர், மெய்வல்லுநர்களும் குத்துச்சண்டை வீரர்களும். போரில் நொந்துபோன லண்டனில் உணவு இன்னும் பங்கீட்டில்தான் இருந்தது. வந்த வீரர்களைப் படைமுகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் தங்கவைத்தார்கள். வெம்ப்ளி அரங்கில் கரித்தூள் பரப்பி ஒரு சுவடு அமைத்திருந்தார்கள். ஜூலை 31ஆம் திகதி, அதாவது நாடு சுதந்திரம் பெற்று ஆறு மாதங்கூட நிறையாத நிலையில், அந்தச் சுவட்டில் 400 மீற்றர் தடைதாண்டல் இறுதி ஓட்டத்துக்கு டங்கன் வைட் வந்து நின்றார். களுத்துறைப் பக்கத்து லத்பந்துரையில் பிறந்தவர்; கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர்; அப்போது வயது முப்பது.

அந்த ஓட்டத்தின் கடினத்தை ஓடியவர்களே அறிவார்கள். பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் மூன்றடி உயரம். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே 35 மீற்றர். அந்த இடைவெளியை எத்தனை எட்டில் கடப்பது என்பதை ஓட்டக்காரர் முன்கூட்டியே தீர்மானித்துப் பழகியிருக்க வேண்டும். எட்டுகள் ஒற்றைப்படையாக அமைந்தால் ஒவ்வொரு தடையிலும் ஒரே கால் முன்னே போகும். களைப்பில் எட்டுக் குறுகி, எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டால், பழகாத காலால் தாண்ட நேரும். ஏழாவது, எட்டாவது தடைகளில்தான் பெரும்பாலானோரின் கணக்குப் பிசகுவது வழக்கம். வைட்டின் கணக்குக் கடைசிவரை பிசகவில்லை. அமெரிக்காவின் ரோய் கொக்ரன் 51.1 செக்கனில் முதலாவதாக வந்தார். வைட் 51.8 செக்கனில் இரண்டாவது. சுவீடனின் ரூனே லார்சன் 52.2 செக்கனில் மூன்றாவது. வைட்டின் நேரம் அந்த விழா தொடங்கும்வரை ஒலிம்பிக் சாதனையாக இருந்த 52.0 செக்கனைவிடக் குறைவு. கொக்ரன் என்ற ஒருவர் மட்டும் அன்று அதைவிடவும் வேகமாக ஓடினார், அவ்வளவுதான்.

1950இல் ஒக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் 440 யார் தடைதாண்டலில் வைட் தங்கம் வென்றார். பின்னாளில் இங்கிலாந்திலேயே தங்கி, 1998இல் அங்கேயே காலமானார். அவர் உயிரோடு இருந்த காலம் முழுவதும் அந்த வெள்ளிக்கு ஒலிம்பிக்கில் ஒரு துணை வரவில்லை.

ஆசிய விளையாட்டு விழா 1951இல் புதுடில்லியில் பிறந்தது. பதினொரு நாடுகள் கூடிய அந்த முதல் விழாவிலேயே இலங்கை பங்கேற்றது. அதற்கு மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். இலங்கை அணியில் பதினேழே வயதான ஓர் உயரம் பாயும் வீரர் இருந்தார். பெயர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பிறந்த ஊர் பெரியவிளான். படித்தது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, 1816இல் வெஸ்லியன் மிசனரிமார் தொடக்கிய பாடசாலை.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விபரம் சொல்ல வேண்டும். உயரம் பாய்பவர் இப்போது முதுகை வளைத்து, தலைகீழாகப் போய், தடித்த மெத்தையில் தோள்பட விழுகிறார். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி என்ற அமெரிக்கர் வென்ற பின்னர் உலகெங்கும் பரவிய முறை அது. மெத்தை வந்த பிறகுதான் அப்படி விழ முடிந்தது. எதிர்வீரசிங்கத்தின் காலத்தில் பாடசாலை மைதானத்து உயரம் பாயும் இடம் என்பது கொத்திவிட்ட மணல். முதுகில் விழுந்தால் எழும்ப முடியாது. ஆகவே குறுக்குத் தடிக்கு மேலே உடம்பை எப்படித் திருப்பினாலும் இறங்கும்போது காலோ கையோ முதலில் நிலத்தைத் தொட வேண்டும். தாண்டுவதோடு பாதுகாப்பாக இறங்குவதையும் சேர்த்தே பழகவேண்டியிருந்தது. மழைக்குப் பின் மணல் இறுகிவிடும். ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் யாராவது ஒருவர் மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட வேண்டும். எங்கள் மைதானங்களில் அந்த வேலை பெரும்பாலும் அடுத்துப் பாய இருக்கும் மாணவனுடையதுதான்.

அப்படியான மணலில் பாயப் பழகியவர்தான் பதினேழு வயதில் ஹெல்சிங்கிக்கும், 1956இல் மெல்பேர்னுக்கும் போனார். இரண்டு ஒலிம்பிக்கிலும் பதக்கம் இல்லை. கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அந்நாட்களில் உயரம் பாய்தலில் அமெரிக்காதான் உலகத்தின் உச்சி. ஏழடியை முதலில் தாண்டிய சார்ள்ஸ் டூமாஸ் 1956இல் மெல்பேர்னில் தங்கம் வென்றதும் அந்தக் காலத்திலேயே.

1958 மே 24 முதல் ஜூன் 1 வரை டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. உயரம் பாய்தலில் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டு அங்குலம் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் அது புதிய சாதனை. இலங்கைக்கு அவ்விழாக்களில் கிடைத்த முதல் தங்கமும் அதுவே.

இந்த 2.03 மீற்றரின் பெறுமதியை உணர ஓர் ஒப்பீடு போதும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கர் வோல்ட் டேவிஸ் தாண்டிய உயரம் 2.04 மீற்றர். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒலிம்பிக் தங்கத்தைத் தீர்மானித்த உயரத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே டோக்கியோவில் நின்றவர் எங்கள் ஊரவர். ஆசியப் போட்டிதானே என்று அந்தத் தங்கத்தை எளிதாக எடைபோடுவோருக்கு இந்த இலக்கம் பதில் சொல்லும். என் கணிப்பில் 1948இன் வெள்ளிக்கும் 2000இன் வெள்ளிக்கும் பக்கத்திலேயே வைக்கத்தக்க சாதனை அது.

அந்த நாட்களில் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 1958 மே மாதத்தின் கடைசி வாரத்தில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை நாட்டின் பல பகுதிகளில் மூண்டது. மே 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. கொழும்பில் வீடிழந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, கப்பல்களில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். டோக்கியோவில் விழா நடந்ததும் இங்கே வீடுகள் எரிந்ததும் ஒரே வாரத்தில். இலங்கையின் சிங்கக் கொடியை ஆசியாவின் முன்னால் முதன்முதலாக முதலிடத்தில் ஏற்றிவைத்தவர் ஒரு தமிழர். அந்தக் கொடியின் கீழ் தமிழர் அடிபட்டு ஓடிய வாரம் அது. இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நாட்டின் பாடநூலில் படிக்கும் நாள் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

1962 ஜகார்த்தா விழாவில் எதிர்வீரசிங்கம் வெள்ளி வென்றார். பின்பு அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, கல்விப் பணியில் ஆபிரிக்காவிலும் பிற நாடுகளிலும் பல ஆண்டுகள் கழித்தார். போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் வடபகுதிக்குத் திரும்பத் திரும்ப வந்து இங்குள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 2024 ஏப்ரலில், 89ஆவது வயதில், லொஸ் ஏஞ்சல்ஸில் மறைந்தார்.

அவருக்குப் பிந்திய காலத்தைச் சற்று வேகமாகக் கடக்கலாம். 1970 பாங்கொக் விழாவில் லூசியன் ரோசா நீண்டதூர ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1974 தெஹ்ரானில் விமலதாச 400 மீற்றரில் தங்கம் வென்றதோடு 4x400 அஞ்சலோட்டத்திலும் இலங்கை முதலிடம் பெற்றது. தனியொருவர் திறமையால் வரும் பதக்கத்தைவிட அஞ்சலோட்டத் தங்கம் ஒரு நாட்டைப் பற்றி அதிகம் சொல்லும். ஒரே காலத்தில் நான்கு நல்ல ஓட்டக்காரர்கள் இருந்தாலன்றி அது கைகூடாது. அந்த நான்கு பேரையும் உருவாக்கப் பாடசாலைகளும் பயிற்றுநர்களும் மைதானங்களும் வேண்டும். 1973இல் விளையாட்டுச் சட்டமும் நிறைவேறியிருந்தது. அத்திவாரம் இட்டாயிற்று, இனிக் கட்டடம் எழும்பும் என்று எல்லோரும் நம்பிய நேரம்.

நடந்தது வேறு. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் இலங்கை பங்கேற்கவில்லை. 1948க்குப் பிறகு இந்நாடு தவறவிட்ட ஒரேயொரு கோடைகால ஒலிம்பிக் அது. ஆசிய விழாக்களில் 1974க்குப் பிறகு அடுத்த தங்கத்துக்கு 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த 24 ஆண்டுகளைத் திறமைப் பஞ்சம் என்று சொல்லிக் கடந்துவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெற்கில் இளைஞர் கிளர்ச்சி இரத்தக்களரியாக முடிந்தது. 1983இல் மூண்ட போர் வடக்கு கிழக்கில் பாடசாலை என்ற அமைப்பையே ஆட்டங்காணச் செய்தது. பாடசாலைகள் அகதி முகாம்களாயின. மைதானங்களில் கொட்டில்கள் எழுந்தன; சில மைதானங்கள் படையினர் வசமாயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, இல்ல மெய்வல்லுநர் போட்டிச் சாதனைகளை எழுதிவைத்திருந்த பேரேடுகளும் விட்டுவந்த அலுமாரிகளோடு போய்விட்டன. உயரம் பாய நினைத்த பிள்ளைக்குக் குறுக்குத் தடியுமில்லை, கொத்திவிட மணலுமில்லை. எத்தனை பேருடைய உயரங்கள் அளக்கப்படாமலே போயின என்பதற்குக் கணக்கே கிடையாது. பதக்கப் பட்டியலின் வெற்று வரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள்தான் என் நினைவுக்கு வருகிறார்கள்.

1998 டிசம்பரில் பாங்கொக்கில் அந்த வறட்சி நீங்கியது. தமயந்தி தர்ஷா 200 மீற்றர், 400 மீற்றர் இரண்டிலும் தங்கம். சுகத் திலகரத்ன ஆண்களுக்கான 400 மீற்றரில் தங்கம். அதே விழாவில் அவர் ஓடிய 44.61 செக்கன் உலகத் தரத்திலான நேரம். அதற்கு முந்திய ஆண்டு, 1997 ஏதென்ஸ் உலக மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றரில் 22.39 செக்கனில் வெள்ளி வென்று சுசந்திகா ஜயசிங்க வழியைத் திறந்துவிட்டிருந்தார்.

சுசந்திகா கேகாலை மாவட்டத்து வரக்காப்பொலையை அடுத்த அத்நாவலக் கிராமத்தவர். வறுமைப்பட்ட குடும்பம். கொழும்பின் பெயர்பெற்ற கல்லூரிகளின் வழியாக வராதவர். 2000 செப்டெம்பர் 28, சிட்னி, 200 மீற்றர் இறுதி ஓட்டம். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனில் முதலாவது. பஹாமாஸின் போலீன் டேவிஸ்-தொம்சன் 22.27. சுசந்திகா 22.28. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இருந்த வித்தியாசம் செக்கனில் நூறில் ஒரு பங்கு. வைட்டின் காலத்தில் நேரம் பத்தில் ஒரு பங்குவரை மட்டுமே பதிவானது. அந்தக் கணக்கில் பார்த்தால் இருவருக்கும் ஒரே நேரம்தான். நவீன கருவி வேறுவிதமாகச் சொன்னது. வெண்கலத்துடன் நாடு திரும்பினார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தைப் பயன்படுத்தியதாக மரியன் ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார். அவருடைய சிட்னிப் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு அந்த 200 மீற்றரின் தங்கத்தை டேவிஸ்-தொம்சனுக்கும் வெள்ளியைச் சுசந்திகாவுக்கும் வழங்கத் தீர்மானித்தது. ஓடி முடித்து ஒன்பது ஆண்டுகளின் பின் வந்த வெள்ளி. நீதி கிடைத்தது, ஆனால் வெற்றி மேடையில் இரண்டாம் படியில் நின்று கொடி ஏறுவதைப் பார்க்கும் அந்த நிமிடம் அவருக்குத் திருப்பிக் கிடைக்கவே இல்லை. ஊக்கமருந்தால் பறிபோவது பதக்கம் மட்டும்தான் என்று நினைக்கும் இளம் வீரர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

2002 பூசானில் சுசந்திகா 100 மீற்றரிலும் தமயந்தி 400 மீற்றரிலும் தங்கம் வென்றனர். 2014 இஞ்சியோனில் ஆண்கள் துடுப்பாட்டத்தில் இலங்கை தங்கம் பெற்றது. ஆயினும் மெய்வல்லுநர் போட்டிகளில் அடுத்த தங்கம் 2023இல்தான் வந்தது. பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன ஹாங்சோ விழாவில், பெண்களுக்கான 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடி தருஷி கருணாரத்ன முதலாவதாக வந்தார். அவர் கண்டி மாவட்டத்தின் வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி உருவாக்கிய ஓட்டவீராங்கனை. தலைநகரத்துக்குத் தொலைவில் உள்ள ஒரு மத்திய கல்லூரி, ஆண்டுக்காண்டு விடாமல் நடுத்தர தூர ஓட்டக்காரர்களை ஆயத்தப்படுத்தி ஆசியாவின் உச்சிக்கே அனுப்பியிருக்கிறது. அறிக்கைகளையும் திட்டங்களையும் எழுதுவோர் முதலில் அந்தப் பாடசாலைக்குப் போய் ஒரு கிழமை இருந்து பார்க்க வேண்டும்.

பராலிம்பிக்கைத் தனியாக ஒரு மூலையில் ஒதுக்கி எழுதும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. இந்நாட்டின் பெருமைமிக்க பக்கங்கள் அண்மைக் காலத்தில் அங்கேதான் எழுதப்படுகின்றன. 2012 லண்டனில் பிரதீப் சஞ்சய 400 மீற்றரில் வெண்கலம் வென்றார். ஈட்டி எறிதலில் 2016 ரியோவில் வெண்கலம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத், 2021 ஓகஸ்டில் டோக்கியோவில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையுடன் தங்கம் பெற்றார். ஒலிம்பிக்கிலோ பராலிம்பிக்கிலோ இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. 2024 பாரிஸில் சமித்த துலான் ஈட்டி எறிதலில் வெள்ளி வென்றார். போரில் காயமடைந்த படைவீரர் தினேஷ். போர் வடக்கிலும் கிழக்கிலும் அங்கவீனமாக்கிய இளைஞரும் யுவதிகளும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களுள் ஒருவருக்காவது அதே பயிற்சியும் அதே உபகரணமும் கிடைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வடக்கில் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி பல ஆண்டுகள் இடம்பெயர்ந்து இயங்கிய பாடசாலை. அதன் மாணவியான அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் பெண்களுக்கான தேசிய சாதனையை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை புதுப்பித்தார். சிதைந்து கிடந்த யாழ். துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது. இன்றைக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளை உயரம் பாய்ந்து மெத்தையில்தான் விழுகிறாள். ஆனாலும் கோலூன்றும் கம்பு ஒன்றின் விலை ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளம். பாய்பவரின் நிறைக்கும் பிடிக்கும் உயரத்துக்கும் ஏற்பக் கம்பு மாறவேண்டும் என்பதால் ஒன்றோடு முடிவதும் இல்லை. பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் மண்டபங்களுக்கும் நுழைவாயில் வளைவுகளுக்கும் போவதில் பாதியளவேனும் கம்புக்கும், சப்பாத்துக்கும், பயிற்றுநரின் சம்பளத்துக்கும் போகட்டும்.

இக்கட்டுரையைப் படிப்போருக்கு இன்னுமொரு வேண்டுகோள். 1950களின் மெய்வல்லுநர் போட்டி நிகழ்ச்சிநிரல்கள், சான்றிதழ்கள், குழுப் புகைப்படங்கள், பத்திரிகை நறுக்குகள் இன்னும் சில வீடுகளின் றங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும்கூட இருக்கின்றன. அவற்றின் மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிரதியொன்றை எடுத்து, படத்தில் இருப்போரின் பெயரையும் ஆண்டையும் பின்புறம் எழுதி, உங்கள் பாடசாலை நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.